இலேசான டிரிக்கர் எவ்வளவு இலேசாக இருக்கலாம்?

செமி-ஆட்டோ ரைபிளில் இலக்கு சுடுகிறவர்கள் இரண்டு பேர் உட்கார்ந்து பேசினால், கொஞ்ச நேரத்தில் பேச்சு டிரிக்கருக்கு வந்துவிடும். "உங்களுடையது எத்தனை பவுண்டு?" என்பதுதான் முதல் கேள்வி, அதாவது டிரிக்கரை இழுக்க எவ்வளவு விசை வேண்டும் என்று. மூன்றரை என்றால் தலையாட்டுவார்கள், இரண்டு என்றால் கையில் வாங்கிப் பார்ப்பார்கள். புதிதாக டிரிக்கர் வாங்க நினைப்பவரும் அந்த ஓர் எண்ணைப் பிடித்துக்கொண்டுதான் தேடத் தொடங்குகிறார். எனக்கும் இலேசான டிரிக்கர் பிடிக்கும். ஆனால் குழலின் பின்வாயை அடைக்கும் போல்ட்டைக் கையால் இழுத்துச் சுடும் ரைபிளுக்குப் பொருந்துகிற எண்ணை, ஒவ்வொரு குண்டுக்கும் தானே திறந்து மூடும் ரைபிளுக்கு அப்படியே கொண்டுவர முடியாது. ஏன் முடியாது என்று புரிந்துவிட்டால், எதை வாங்குவது என்ற கேள்வி பாதி தீர்ந்த மாதிரிதான்.

முதலில், எதற்காக இலேசாக வேண்டும்? செமி-ஆட்டோக்களில் பரவலான ஏஆர்-15 வகை ரைபிளில் வரும் ராணுவத் தர டிரிக்கரின் இழுவிசை 5.5 முதல் 9.5 பவுண்டு வரை இருக்கலாம். ஏறத்தாழ 2.5 கிலோவிலிருந்து 4.3 கிலோ வரை. கூடுதல் எடை எதுவும் சேர்க்காத ரைபிளே நாலு கிலோவுக்கு உள்ளேதான் இருக்கும். ரைபிளின் எடைக்குச் சமமான விசையை ஒற்றை விரலால் கொடுக்கும்போது, அந்த விசை முழுவதும் நேர் பின்னால் போகாது. ஒரு பங்கு பக்கவாட்டில் போகும், குழலின் முனை நகரும். படுத்துச் சுடும்போது ஸ்லிங் என்ற வாரும் முழங்கையும் தரையும் சேர்ந்து அதைத் தாங்கிக்கொள்ளும். நின்று சுடும்போது தாங்குவதற்கு உடம்பைத் தவிர வேறு எதுவும் இல்லை. குறி வட்டத்துக்குள் மிதந்துகொண்டே இருக்கும். அது நடுவில் நிற்கிற அந்தச் சின்ன இடைவெளியில் டிரிக்கர் விட வேண்டும். கனமான டிரிக்கரை இழுத்து முடிப்பதற்குள் குறி வேறு பக்கம் போயிருக்கும்.

எடையைவிட எனக்குப் பெரிய தொல்லையாகப் படுவது இழுவையில் இருக்கும் சொரசொரப்பு. விரல் நகர்கிறது, நிற்கிறது, மறுபடி ஒரு துளி நகர்கிறது, எப்போது விடும் என்று தெரியவில்லை. இதைத்தான் க்ரீப் என்கிறோம். சந்தேகம் வந்த விரல் அவசரப்படும், அவசரப்பட்ட விரல் சுண்டிவிடும். தயங்கித் தயங்கி நகரும் மூன்று பவுண்டு டிரிக்கரைவிட, ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் சட்டென்று விடுகிற நாலரை பவுண்டு டிரிக்கரைத்தான் நான் எடுப்பேன். இலக்கில் அதன் குண்டுகள்தான் நெருக்கமான சிறிய குழுவாக விழும்.

சரி, உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்போம். ஹேமர், அதாவது உள்ளே இருக்கும் சுத்தியல், பின்னால் மடங்கி, ஸ்பிரிங்கை எதிர்த்து நிற்கிறது. அதைப் பிடித்து வைத்திருப்பது டிரிக்கரின் முனையிலுள்ள சியர் என்ற விளிம்பு. டிரிக்கரை இழுத்தால் சியர் வழுக்கி விலகும், ஹேமர் பாய்ந்து, தோட்டாவைத் தட்டி வெடிக்க வைக்கும் ஊசியான ஃபயரிங் பின்னை அடிக்கும். போல்ட் ரைபிளில் கதை இங்கேயே முடிந்துவிடும். அடுத்த குண்டை நாம் கையால் ஏற்றும்போது விரல் டிரிக்கரில் இருக்காது.

செமி-ஆட்டோவில் இப்போதுதான் பாதி ஆகியிருக்கிறது. போல்ட்டைச் சுமந்திருக்கும் போல்ட் கேரியர் பின்னால் ஓடும்போது ஹேமரைத் தள்ளி மடக்குகிறது. நம் விரலோ இன்னும் டிரிக்கரை இழுத்துப் பிடித்தபடிதான் இருக்கிறது, ஏனென்றால் இதெல்லாம் கண் இமைப்பதற்குள் நடந்து முடிந்துவிடும். டிரிக்கர் இழுபட்ட நிலையில் சியர் ஹேமரைப் பிடிக்க முடியாது. அந்த நேரத்தில் ஹேமரைப் பிடித்துக்கொள்வது டிஸ்கனெக்டர் என்ற இன்னொரு கொக்கி. நாம் விரலைத் தளர்த்தும்போது அந்தக் கொக்கி ஹேமரைச் சியரிடம் ஒப்படைக்கிறது. குழந்தையை ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் வாங்கிக்கொள்வது மாதிரி. வாங்குகிற கை சேர்ந்த பிறகுதான் கொடுக்கிற கை விட வேண்டும். காதில் விழும் அந்தச் சின்ன 'டிக்' சத்தம் இதுதான். ரீசெட் என்கிறார்கள்.

இலேசாக்கும்போது சிக்கல் இந்த இடத்தில்தான் வரும். டிரிக்கரை இலேசாக்க நேரான வழிகள் மூன்று: ஸ்பிரிங் விசையைக் குறைப்பது, சியர் பிடித்திருக்கும் ஆழத்தைக் குறைப்பது, உரசும் பரப்புகளை மெருகேற்றுவது. முதல் இரண்டும் ஓர் எல்லையைத் தாண்டினால், போல்ட் முன்னால் வந்து மோதி மூடும் அதிர்விலேயே ஹேமர் சியரிலிருந்து நழுவலாம். நழுவிய ஹேமர் போல்ட்டின் கூடவே இறங்கிவந்தால் அடி பலவீனமாக இருக்கும், அடுத்த இழுப்புக்குத் துப்பாக்கி செத்துக் கிடக்கும். போல்ட் மூடிய பிறகு நழுவினால் நாம் கேட்காத இரண்டாவது குண்டு போகும். அதிர்வில் நழுவாவிட்டாலும் இன்னொரு வழி உண்டு. பின்னுதைப்பில் ரைபிள் தோளோடு பின்னால் போய் முன்னால் வரும்போது, டிரிக்கர் மிக இலேசாக இருந்தால், விரல் தானறியாமலே தளர்ந்து மறுபடி அழுத்திவிடும். சுட்டவர் இரண்டு முறை இழுத்தார், ஆனால் அவருக்கே அது தெரியாது. குறி எங்கே இருக்கிறது என்று பார்ப்பதற்குள் போன குண்டு எங்கே போயிற்று என்று யார் சொல்வது? அமெரிக்கச் சட்டம், ஒரு முறை டிரிக்கரை இயக்கினால் ஒன்றுக்கு மேல் சுடும் ஆயுதத்தை இயந்திரத் துப்பாக்கி என்றே வகைப்படுத்துகிறது. இரட்டையாக வெடிக்கும் ரைபிளைக் களத்தில் யாரும் வேடிக்கையாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அந்த நிமிடமே அதை இறக்கி வைத்துவிட வேண்டும்.

மற்ற விளையாட்டுகளின் எண்களைக் கேட்டு ஏமாறக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான். சர்வதேசத் துப்பாக்கி சுடுதல் கூட்டமைப்பின் 50 மீட்டர் ரைபிள் போட்டியில் டிரிக்கருக்குக் குறைந்தபட்ச எடையே இல்லை. அங்கே நூறு கிராமுக்கும் கீழே வைத்துச் சுடுகிறவர்கள் உண்டு. பனிச்சறுக்கும் சுடுதலும் சேர்ந்த பயத்லானில் குறைந்தபட்சம் 500 கிராம். இரண்டிலும் போல்ட்டை ஒவ்வொரு குண்டுக்கும் கையால்தான் இயக்குகிறார்கள், அது தானே ஓடி மோதுவதில்லை. அதே கூட்டமைப்பின் 300 மீட்டர் ஸ்டாண்டர்டு ரைபிளுக்கு 1500 கிராம் குறைந்தபட்சம் என்று விதி இருக்கிறது. அதுவும் செமி-ஆட்டோ இல்லை, ஆனாலும் அதை வைத்து உலகத் தரத்தில் சுடுகிறார்கள். ஒன்றரை கிலோ என்பது நல்ல சுடுதலுக்குத் தடையில்லை.

செமி-ஆட்டோவுக்கு என் கணக்கில் சரியான பதில் இரண்டு கட்டமாக இழுபடும் டூ-ஸ்டேஜ் டிரிக்கர். இது புதுக் கண்டுபிடிப்பு இல்லை. பழைய மாசர், லீ-என்ஃபீல்டு ரைபிள்களில் இருந்தது. 1936-ல் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்ட எம்1 காரண்டிலும், அதற்குப் பின் வந்த எம்14-இலும் இருந்தது. காரணம் எளிமையானது. கீழே விழுந்தாலும் முட்டினாலும் வெடிக்கக் கூடாது என்றால் சியர் ஆழமாகப் பிடித்திருக்க வேண்டும். ஆழமாகப் பிடித்தால் இழுவை நீளும். அந்த நீளத்தின் பெரும்பகுதியை முதல் கட்டத்தில் சுலபமாக இழுத்து முடித்துவிடலாம். அப்புறம் விரலுக்கு ஒரு சுவர் தட்டுப்படும். அந்தச் சுவரில் விரலை நிறுத்திவிட்டுக் குறியைச் சரிபார்த்து, மிச்சத்தை மட்டும் கொடுத்தால் போதும். பாதுகாப்புக்கு மொத்த எடை, சுடுவதற்கு அதில் ஒரு சிறு பங்கு.

எண்ணில் பார்த்தால் இன்னும் தெளிவாகும். ஏஆர் ரைபிள்களுக்குக் கைஸ்லி நிறுவனம் செய்யும் எஸ்எஸ்ஏ என்ற டிரிக்கரின் மொத்த எடை 4.5 பவுண்டு. அதில் முதல் கட்டம் 2.5, இரண்டாவது கட்டம் 2. எஸ்எஸ்ஏ-இ என்ற இன்னொன்று மொத்தம் 3.5 பவுண்டு, முதல் கட்டம் 2.3, இரண்டாவது 1.2. முதல் கட்டத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பவருக்குக் கடைசியாகச் சேர்க்க வேண்டியது 1.2 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 550 கிராம்தான். பயத்லான் டிரிக்கருக்கு வெகு பக்கத்தில் வந்துவிட்டோம். ஆனால் விரலை எடுத்துவிட்டால் ஹேமரைப் பிடித்திருப்பது 550 கிராம் டிரிக்கர் இல்லை, மூன்றரை பவுண்டு டிரிக்கர்.

சிங்கிள்-ஸ்டேஜ் டிரிக்கரை விரும்புகிறவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. விரல் வைத்த உடனே சுவர், நகர்வே இல்லை, அடுத்த குண்டுக்கு ரீசெட்டும் குட்டையாக இருக்கும். பெஞ்சில் பைகள்மேல் ரைபிளைப் படுக்க வைத்துச் சுடுபவருக்கும், பக்கத்து இலக்குகளில் வேகமாக மாறி மாறிச் சுடுபவருக்கும் அது பிடிக்கும். ஆனால் அதில் இரண்டரை பவுண்டு என்றால் மொத்தமே இரண்டரைதான். விரல் குளிரில் மரத்திருக்கும்போதும், நெஞ்சு படபடக்கும்போதும், முதல் தொடுதலே கடைசித் தொடுதல் ஆகிவிட வாய்ப்பு உண்டு. நின்றும் உட்கார்ந்தும் படுத்தும் மாறி மாறிச் சுட வேண்டிய போட்டிக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

போட்டி விதியை முதலில் படித்துவிடுங்கள், டிரிக்கரை அப்புறம் பார்க்கலாம். அமெரிக்காவின் ஹை பவர் என்ற ரைபிள் போட்டிகளில், ராணுவ ரைபிள் மாதிரிகளுக்கான சர்வீஸ் ரைபிள் பிரிவில் டிரிக்கர் குறைந்தது 4.5 பவுண்டு, அதாவது 2.04 கிலோ, தாங்க வேண்டும். ரைபிளைச் செங்குத்தாக நிறுத்தி, டிரிக்கரில் எடைக்கல்லை மாட்டி, மெல்லத் தூக்குவார்கள். கல் தரையை விட்டு எழும்ப வேண்டும், ஹேமர் விழக் கூடாது. சரியாக 4.5-ல் வைத்துக்கொண்டு போவது வீண் கவலை. ஸ்பிரிங் நாளாவட்டத்தில் தளரும், விளிம்புகள் தேய்ந்து பழகும், இழுவை குறையும். கால் பவுண்டு கூடுதலாக வைத்துக்கொண்டால் சோதனை மேசையில் வேர்க்க வேண்டியதில்லை. அந்தக் கால் பவுண்டை முதல் கட்டத்தில் சேர்த்துவிட்டால் விரலுக்கு வித்தியாசமே தெரியாது. இரண்டு கட்டங்களையும் தனித்தனியாகத் திருத்த முடிகிற டிரிக்கர் இந்தப் பிரிவுக்கு எத்தனை உதவி என்று அப்போது புரியும்.

எடையைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம், ஹேமரைப் பற்றி யாரும் கேட்பதில்லை. ஹேமர் ஸ்பிரிங்கை மெலிதாக்கினால் சியரில் அழுத்தம் குறையும், டிரிக்கர் தானாக இலேசாகும். மலிவான வழி என்பதால் நிறையப் பேருக்கு இதில் ஆசை. ஆனால் தோட்டாவின் அடியிலிருந்து அதைப் பற்றவைக்கும் பிரைமரை வெடிக்க வைப்பது அந்த ஹேமரின் அடிதான். ஏஆர் வகையில் ஃபயரிங் பின்னைப் பின்னுக்குப் பிடிக்க ஸ்பிரிங் கிடையாது. போல்ட் மூடும்போது ஃபயரிங் பின் முன்னால் ஓடி பிரைமரில் ஒரு சின்னப் புள்ளி வைத்துவிடும். அந்தத் தட்டலில் வெடித்துவிடாமல் இருக்க, இந்த ரைபிள்களுக்கான ராணுவத் தரத் தோட்டாக்களில் பிரைமர் தடிப்பாக, கடினமாக இருக்கும். கடினப் பிரைமரும் மெலிந்த ஹேமர் ஸ்பிரிங்கும் சேர்ந்தால் வேகச் சுற்றின் நடுவில் 'க்ளிக்' என்ற சத்தம் மட்டும் வரும். அதோடு போகாது. பலவீனமான அடி எப்போதும் ஒரே அளவில் பற்றவைக்காது, தூர இலக்கில் குண்டுகள் மேலும் கீழுமாக விழும். ஆகவே, நல்ல டிரிக்கருக்கு நான் வைக்கும் முதல் நிபந்தனை: ஹேமர் முழு வலுவோடு அடிக்க வேண்டும், இலேசு சியரின் அமைப்பிலிருந்து வர வேண்டும்.

ஹேமர் வேகமாக விழுவதும் முக்கியம். சியர் விட்டதிலிருந்து பிரைமர் வெடிக்கும் வரை உள்ள நேரத்தில் ரைபிள் நகர்ந்துகொண்டுதான் இருக்கிறது. அதற்குப் பிறகும் குண்டு குழலைக் கடக்க ஏறத்தாழ ஒரு மில்லி விநாடி ஆகும். எடை குறைந்த, விசையான ஹேமர் இந்த இடைவெளியைச் சுருக்கும். நின்று சுடுபவருக்கு இலக்கில் தெரிகிற லாபம் இதில் இருக்கிறது. டிரிக்கர் விட்ட பிறகு மேலும் பின்னால் போகும் தூரம், அதாவது ஓவர்டிராவல், குறைவாக இருப்பதும் இதே காரணத்துக்காகத்தான். ஆனால் அதை அடியோடு இல்லாமல் செய்யத் திருகை இறுக்கிக்கொண்டே போகக் கூடாது. ஒரு துணுக்குத் தூசி சேர்ந்தாலும் சியர் முழுதாக விலகாமல் ஹேமரின் மேல் உரசும்.

தனித்தனிப் பாகங்களாக வரும் டிரிக்கரா, பெட்டி மாதிரி மொத்தமாக உள்ளே இறக்குகிற டிரிக்கரா என்பதும் வாங்கும்போது வரும் கேள்வி. பெட்டியில் எல்லாக் கோணங்களும் தொழிற்சாலையிலேயே பொருத்தி வந்துவிடும், கையில் நுணுக்கம் இல்லாதவரும் சரியாக மாட்டலாம். ஏஆர் ரிசீவர்களில், அதாவது டிரிக்கர் உட்காரும் உடற்பகுதியில், டிரிக்கரைத் தாங்கும் குறுக்குக் கம்பியான பின் பெரும்பாலும் 0.154 அங்குல விட்டம். பழைய கோல்ட் ரைபிள்கள் சிலவற்றில் பெரிய பின் இருக்கும், அதை மட்டும் பார்த்து வாங்க வேண்டும். பெட்டியின் குறை அழுக்கு. அழுத்தம் அதிகமான தோட்டாவில் பிரைமர் கழன்று டிரிக்கருக்கு அடியில் விழுந்தால், திறந்த டிரிக்கரில் ரைபிளைக் கவிழ்த்துத் தட்டினால் விழுந்துவிடும். பெட்டிக்குள் ஒரு துண்டு புகுந்தால் தேடி எடுப்பது பாடு. ஒரு நாளில் எண்பது, நூறு குண்டு சுடும் போட்டிக்கு நான் திறந்த அமைப்பையே எடுப்பேன்.

சின்ன .22 ரிம்ஃபயர் தோட்டா சுடும் செமி-ஆட்டோவில் மனசைக் கொஞ்சம் இளக்கலாம். 1964-ல் வந்த ரூகர் 10/22-ஐ எடுத்துக்கொண்டால், அதன் சாதாரண டிரிக்கர் ஏறத்தாழ 6 பவுண்டு, அதே நிறுவனத்தின் பிஎக்ஸ் டிரிக்கர் ஏறத்தாழ 2.75. இரண்டு பின்களைத் தட்டி எடுத்தால் டிரிக்கர் கூடு முழுதாகக் கையோடு வந்துவிடும். பின்னுதைப்பு மிகக் குறைவு, போல்ட்டின் மோதலும் மென்மையானது என்பதால் இரண்டு பவுண்டு சுற்றளவில் நன்றாகச் செய்த டிரிக்கர் அங்கே நிம்மதியாக வேலை செய்யும். அந்த எண் பழகிவிட்டது என்று ஏஆர் மாதிரி வலுவான தோட்டா சுடும் சென்டர்ஃபயர் ரைபிளிலும் அதையே தேடக் கூடாது.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். சாதாரண டிரிக்கரை வீட்டில் கல்லில் தேய்த்து இலேசாக்காதீர்கள். அந்தப் பாகங்கள் மேல்தோலில் மட்டும் கடினப்படுத்தப்பட்டவை. தேய்த்த அன்று வெண்ணெய் மாதிரி இழுக்கும், கடினத் தோல் போன பிறகு அடியிலிருக்கும் மென்மையான இரும்பு ஒவ்வொரு குண்டுக்கும் தேயும். நாளைக்கு அது எந்த இடத்தில் விடும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஸ்பிரிங் கால்களை வெட்டுவதும் வளைப்பதும் இதே கதைதான்.

வாங்கும் முன் முடிந்தால் நாலைந்து டிரிக்கர்களை அளந்து பாருங்கள். இழுவிசையை அளக்கும் கருவியை எப்போதும் டிரிக்கர் வளைவில் ஒரே இடத்தில் மாட்ட வேண்டும். கீழ்முனைக்குப் போகப் போக நெம்புகோல் நீளம் கூடி எண் குறையும். ஒரு தரம் இழுத்துவிட்டு எண்ணைச் சொல்வதில் பயனில்லை. பத்துத் தரம் இழுங்கள், சராசரியைவிட அதிகபட்சத்துக்கும் குறைந்தபட்சத்துக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். அந்த இடைவெளி சிறியதாக இருக்கும் டிரிக்கரை, கால் பவுண்டு கனமாக இருந்தாலும், எடுத்துக்கொள்ளுங்கள்.

மாட்டிய பிறகு, ரைபிளில் தோட்டாவும், தோட்டா அடுக்கும் மேகசினும் இல்லை என்று கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்துகொண்டு, சோதிக்க வேண்டும். சேஃப்டியைப் போட்டு இழுத்தால் ஹேமர் விழக் கூடாது. சேஃப்டியை எடுத்த உடனேயும் விழக் கூடாது. இழுத்தால் விழ வேண்டும். டிரிக்கரை இழுத்துப் பிடித்தபடியே போல்ட்டைப் பின்னால் இழுத்து விட வேண்டும். ஹேமர் டிஸ்கனெக்டரில் நிற்க வேண்டும். விரலை எவ்வளவு மெதுவாகத் தளர்த்தினாலும் சியர் பிடிக்க வேண்டும். பிறகு போல்ட்டை முழு வேகத்தில் பல முறை மூடியும், ரைபிளின் அடிப்பகுதியை ரப்பர் விரிப்பில் தட்டியும், ஹேமர் நழுவுகிறதா என்று பார்க்க வேண்டும். ஏஆரின் மேல்பாதியைக் கழற்றி வைத்திருக்கும்போது ஹேமரைக் கட்டையின்றி விழ விடக் கூடாது, அது ரிசீவரையே அடித்து உடைக்கும். இதெல்லாம் தேறினால் களத்துக்குப் போய், பொறுப்பாளரிடம் சொல்லிவிட்டு, மேகசினில் இரண்டே குண்டு போட்டு ஆரம்பிக்கலாம்.

என் சர்வீஸ் ரைபிளில் இப்போது முதல் கட்டம் மூன்று பவுண்டுக்குக் கொஞ்சம் கீழே, இரண்டாவது கட்டம் இரண்டுக்கு ஒட்டி இருக்கிறது. வேகச் சுற்றில், 200 கஜத்தில் உட்கார்ந்து 60 நொடியில் பத்துக் குண்டு, 300 கஜத்தில் படுத்து 70 நொடியில் பத்துக் குண்டு, இந்தச் சுவர்தான் என்னைக் காப்பாற்றுகிறது. பின்னுதைப்பு முடியும் வரை டிரிக்கரைப் பின்னாலேயே பிடித்திருப்பேன். குறி இலக்குக்குத் திரும்பி வரும்போது ரீசெட், மூச்சு நிற்கும்போது முதல் கட்டம், குறி நடுவில் வந்ததும் மிச்சம். ஒவ்வொரு போட்டிக் காலத்தின் தொடக்கத்திலும் அந்த முழுச் சோதனையை மறுபடி செய்துவிட்டு, 2.04 கிலோ கல்லை டிரிக்கரில் மாட்டித் தூக்குவேன். அதைத் தாங்காவிட்டால் ஸ்பிரிங்கை மாற்றும் வரை அந்த ரைபிள் அலமாரியில் இருக்கும்.